அமைதியைப் படிக்க வெளிநாட்டில் ஒரு பருவம்: பட்டர்வொர்த் தங்கைக்கு ஒரு பதில்

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து எழுதியிருக்கும் தங்கை, சமூகவியலில் இளங்கலை முடித்துவிட்டு அமைதி, பிணக்கு ஆய்வில் முதுகலை படிக்க விரும்புவதாகவும், அதில் ஒரு பருவத்தை வெளிநாட்டில் படிக்க வாய்ப்பு இருப்பதாகவும் குறிப்பிட்டு, நான்கு கேள்விகளைக் கேட்டிருக்கிறார். எந்த நாட்டைத் தேர்ந்தெடுப்பது, இலங்கையைப் பற்றி ஆய்வு செய்வது தகுமா, படித்து முடித்தால் என்ன வேலை கிடைக்கும், தென் தாய்லாந்து என்றதும் அம்மா அஞ்சுகிறாரே, அவருக்கு என்ன சொல்வது என்பவை அவை. கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பினாங்கில் இதே துறையைப் படித்து, ஒரு பருவத்தை எல்லைக்கு அப்பால், தென் தாய்லாந்தின் ஹாட்யாயில் கழித்து, பின்னர் பல ஆண்டுகள் மாணவர்களின் ஆய்வேடுகளைத் திருத்தி வருபவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்தவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் முதலில் கேட்டது நாட்டைப் பற்றி. ஆனால் நாட்டுக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது உங்கள் ஆய்வுக் கேள்வி. வெளிநாட்டுப் பருவத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் முதலில் சுவீடன், ஜப்பான் என்று ஊரைத் தேர்ந்துகொண்டு, அதற்குப் பொருத்தமாக ஒரு தலைப்பைப் பிறகு தேடுகிறார்கள். அப்படிப் போனவர்கள் நல்ல விரிவுரைகளைக் கேட்டுத் திரும்புகிறார்கள். ஆய்வேட்டில் அந்த ஐந்து மாதங்களின் தடமே இருப்பதில்லை. இங்கே உட்கார்ந்துகொண்டு விடை காண முடியாத கேள்வி ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். அதற்கான மனிதர்களோ ஆவணங்களோ எங்கே இருக்கின்றனவோ அங்கே போக வேண்டும்.

கேள்வி எங்கிருந்து வரும் என்பதற்கு இத்துறையின் வரலாற்றிலேயே ஒரு வழி இருக்கிறது. நார்வேயைச் சேர்ந்த யோஹான் கால்டுங் 1959இல் ஒஸ்லோவில் அமைதி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1964இல் இத்துறைக்கென ஓர் ஆய்விதழையும் நிறுவினார். 1969இல் அந்த இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரை, வன்முறை என்ற சொல்லின் எல்லையையே மாற்றியது. அடிப்பவனும் அடிபடுபவனும் கண்ணுக்குத் தெரிகிற வன்முறை ஒன்று. யாரும் கை ஓங்காமலேயே, சமூக அமைப்பின் காரணமாக மனிதர்கள் வாழ்ந்திருக்க வேண்டிய வாழ்க்கையை இழந்துபோவது மற்றொன்று. இரண்டாவதை அமைப்புசார் வன்முறை என்கிறோம். போர் ஓய்ந்திருப்பது எதிர்மறை அமைதி. அமைப்புசார் வன்முறையும் நீங்கிய நிலையே நேர்மறை அமைதி.

இதை நான் முதன்முதலில் படித்தபோது என் நினைவுக்கு வந்தது ஒஸ்லோ இல்லை, எங்கள் தோட்டத்து லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிய ஆண்டுகளில், மூன்று தலைமுறையாகப் பால்மரம் சீவிய குடும்பங்கள் வேலையோடு வீட்டையும் சேர்த்து இழந்து நகரத்தின் ஓரத்துப் புறம்போக்குக் குடிசைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. யாரும் யாரையும் அடிக்கவில்லை. காவல் நிலையத்தில் அதற்கு ஒரு புகார்கூடக் கிடையாது. ஆனாலும் அதை அமைதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இப்படி ஒரு கதை இருக்கும். முதலில் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்கு எதிர்த்திசையில் நிற்கும் ஆய்வு மரபையும் அதே மதிப்போடு கற்க வேண்டும். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் நடத்தும் மோதல் தரவுத் திட்டம், உலகெங்கும் நடக்கும் ஆயுத மோதல்களை எண்ணிப் பதிவு செய்கிறது. ஓர் ஆண்டில் குறைந்தது 25 பேர் மோதலில் இறந்தால்தான் அது பட்டியலில் சேரும்; 1,000 பேர் இறந்தால் அது போர் எனப்படும். இப்படி ஒரு வரம்பு இல்லாவிட்டால் ஒரு நாட்டை இன்னொரு நாட்டோடு ஒப்பிடவே முடியாது. அதே வேளையில், 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடானில் நடந்த இன மோதலில் 6 பேர் உயிரிழந்தனர். அது அந்த வரம்புக்குக் கீழே நின்றுவிடுகிறது. 1998இல் பினாங்கின் கம்போங் ராவாவில் கோயிலையும் பள்ளிவாசலையும் முன்னிட்டு எழுந்த பதற்றத்துக்கும் அங்கே இடமில்லை. எண்ணிக்கையில் வராத இந்த நிகழ்வுகள்தாம் நம்மவர்களின் நினைவில் இன்னும் ஆறாமல் இருக்கின்றன. நல்ல ஆய்வு மாணவர் இரண்டு அளவுகோல்களையும் கையாளத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஆகவே புள்ளியியல் பாடத்தைத் தவிர்க்க வழி தேடாதீர்கள்.

வெளியே போவதற்கு முன், இங்கேயே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பினாங்கில் யுஎஸ்எம் எனப்படும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மிண்டன் வளாகம் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் படையினரின் முகாம். அதே மண்ணில்தான், சமூக அறிவியல் புலத்தின்கீழ், அமைதி ஆய்வுக்கும் கல்விக்குமான பிரிவு வளர்ந்தது. 2001இல் உருவான தென்கிழக்காசிய மோதல் ஆய்வு வலையமைப்பின் செயலகமும் இங்கிருந்தே இயங்கியது. உங்கள் ஊரிலிருந்து ஓரிரு மணி நேரப் பயணத்தில் கெடாவின் பாலிங் இருக்கிறது. 1955 டிசம்பர் 28, 29 ஆகிய இரு நாட்கள் மலாயாவின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மானும் மலாயா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கும் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் எதிரெதிரே அமர்ந்து பேசினார்கள். சரணடைவது, கட்சிக்கு அங்கீகாரம் தருவது என்ற இரண்டிலும் உடன்பாடு எட்டாமல் பேச்சு முறிந்தது. 1989 டிசம்பர் 2 அன்று ஹாட்யாயில் உடன்படிக்கை கையெழுத்தாகும் வரை இடையில் 34 ஆண்டுகள் ஓடிவிட்டன. ஒரு பேச்சுவார்த்தை ஏன் முறிகிறது, வேறொன்று ஏன் நிற்கிறது என்று படிப்பதற்கு இதைவிடப் பக்கத்தில் எடுத்துக்காட்டு கிடைக்காது.

கோலாலம்பூரையும் மறக்க வேண்டாம். பிலிப்பீன்ஸ் அரசுக்கும் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணிக்கும் இடையே 2001 முதல் மலேசியா நடுநின்றது. ஆண்டுக்கணக்கான சுற்றுகள் கோலாலம்பூரில் நடந்து, 2014 மார்ச் 27 அன்று மணிலாவில் விரிவான ஒப்பந்தம் கையெழுத்தானது. தாய்லாந்து அரசுத் தரப்பும், தென் தாய்லாந்தில் பிரிவினை கோரிப் போராடும் பி.ஆர்.என். இயக்கமும் பேச்சுவார்த்தைக்கான பொது உடன்பாட்டில் 2013 பிப்ரவரி 28 அன்று கையெழுத்திட்டதும் கோலாலம்பூரில்தான். நடுநிலையாளராக இருக்கும் நாட்டுக்கும் எல்லை, அகதிகள், அரசியல் என்று சொந்த நலன்கள் இருக்கின்றன. அப்படியிருக்க அது எப்படி இரு தரப்பின் நம்பிக்கையையும் பெறுகிறது? இது மலேசிய மாணவர் ஒருவர் கேட்கவேண்டிய கேள்வி, மற்றவர்களைவிட அவருக்குக் கூடுதலாகக் கதவுகள் திறக்கும் கேள்வியும்கூட.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இலங்கையைப் பற்றி ஆய்வு செய்யலாம், தயங்க வேண்டாம். ஆனால் இலங்கை ஆய்வு என்றால் பருவத்தைக் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோதான் கழிக்க வேண்டும் என்பதில்லை. 2002 பிப்ரவரி 22 போர்நிறுத்த உடன்பாட்டுக்கு ஏற்பாட்டாளராக இருந்தது நார்வே. அவ்வாண்டு செப்டம்பரில் முதல் சுற்றுப் பேச்சு தாய்லாந்தின் சத்தாஹிப்பில் நடந்தது. 2008 ஜனவரியில் அரசு உடன்பாட்டிலிருந்து விலகியது. 2009 மே மாதம் போர் எப்படி முடிந்தது என்பதை நாம் அனைவரும் அறிவோம். நார்வே தன் முயற்சி ஏன் பலிக்கவில்லை என்று வெளியாரைக்கொண்டு மதிப்பிடச் செய்து, 2011இல் அந்த அறிக்கையைப் பொதுவில் வைத்தது. உங்கள் கேள்வி அந்த நடுநிலை முயற்சியைப் பற்றியதானால் நீங்கள் போகவேண்டிய ஊர் ஒஸ்லோ. மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிராகப் பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலத்தில் தோட்டத்து லயங்களை முள்வேலிக்குள் ஒன்றுகூட்டி, அரிசியை அளந்து கொடுத்து, இரவில் வாயிலைப் பூட்டியதைப் பற்றியது உங்கள் கேள்வியென்றால், போகவேண்டியது லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். பல்லாண்டுகள் மறைத்து வைக்கப்பட்டிருந்த குடியேற்ற நாட்டுக் கோப்புகள், மலாயாவைப் பற்றியவை உட்பட, 2012 முதல் அங்கே திறந்துவிடப்பட்டன.

இலங்கையைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலேசியத் தமிழருக்கு அது வெறும் பாடம் கிடையாது. அந்த உணர்வை மறைக்க முயலாதீர்கள்; ஆய்வேட்டின் முதல் இயலிலேயே நீங்கள் யார், எங்கிருந்து இதைப் பார்க்கிறீர்கள் என்பதை எழுதிவிடுங்கள். பிறகு, உங்களுக்குக் கேட்கப் பிடிக்காத தரப்பின் ஆவணங்களையும் அதே கவனத்தோடு வாசியுங்கள். தமிழ் தெரிந்திருப்பது உங்களுக்குப் பெரிய பலம். ஆங்கிலத்தில் மட்டுமே வாசிக்கும் ஆய்வாளர்களுக்கு எட்டாத நாளிதழ்களும் துண்டறிக்கைகளும் நினைவுக்குறிப்புகளும் உங்களுக்கு எட்டும்.

மொழி எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு என் அனுபவம் ஒன்று. ஹாட்யாயில் தங்கியிருந்தபோது, தென் தாய்லாந்தில் மோதல் நடக்கும் பட்டானியில் சிலரை நேர்காண அனுமதி பெற்றுப் போனேன். எனக்குக் கெடா மலாய் வரும். பட்டானி மலாயோ கிளந்தான் பேச்சுக்கு நெருக்கமானது. நாம் ‘மாக்கான்’ என்பதை அவர்கள் ‘மாக்கே’ என்பார்கள். காது பழக இரண்டு வாரம் பிடித்தது. ஒரு தேநீர்க் கடையில், கடைக்காரப் பெரியவர் பேச ஒப்புக்கொண்டிருந்தார். நான் ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்தேன். அவர் ஈரத் துணியால் மேசையைத் துடைத்தார். கருவியைத் தொடாமல், அதைச் சுற்றி ஒரு வட்டமாகத் துடைத்தார். அரை மணி நேரம் மழையைப் பற்றியும் பழ விலையைப் பற்றியும்தான் பேசினார். நான் கருவியை அணைத்துப் பைக்குள் போட்டு, பையையும் நாற்காலிக்குக் கீழே தள்ளினேன். என் பெற்றோர் பால்மரம் சீவியவர்கள் என்று ஏதோ பேச்சில் சொன்னதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். எத்தனை மணிக்கு மரத்துக்குப் போவார்கள் என்று கேட்டார். விடியுமுன் என்றேன். தம் வீட்டிலிருந்து தோப்புக்குப் போகும் வழியில் உள்ள சோதனைச் சாவடிகளை அவர் ஒவ்வொரு விரலாக மடக்கி எண்ணிக் காட்டினார். இருட்டில் அவற்றைக் கடக்க அஞ்சி விடிந்த பிறகே போவதாகவும், வெயில் ஏறிய பின் சீவினால் பால் குறைந்துவிடுவதாகவும் சொன்னார்.

தென் தாய்லாந்தில் 2004 ஜனவரியிலிருந்து 7,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருக்கிறார்கள் என்று எல்லா அறிக்கைகளிலும் படித்திருந்தேன். அந்த வன்முறை, உயிரோடிருக்கும் ஒரு மனிதரின் பால் வாளியில் எத்தனை அங்குலம் குறைகிறது என்பதை எந்த அறிக்கையும் எனக்குச் சொல்லவில்லை. என் ஆய்வேட்டின் கேள்வி அந்தக் கடையில்தான் மாறியது. நான் தோட்டத்துப் பிள்ளையாக இல்லாதிருந்தால் அவர் விரலை மடக்கியிருக்கமாட்டார் என்று இன்றும் நம்புகிறேன்.

நடைமுறைக்கு வருவோம். பிரிட்டனில் முதுகலை பெரும்பாலும் ஓராண்டுப் படிப்பு. அதற்குள் இன்னொரு நாட்டில் ஒரு பருவம் என்பதற்கு இடமில்லை. வட ஐரோப்பிய நாடுகளில் இரண்டாண்டு. அங்கே பல படிப்புகளில் மூன்றாம் பருவத்தை வெளியே கழிக்க வழியுண்டு. மலேசியாவில் சேர்ந்தால், எந்த முறையில் சேருகிறீர்கள் என்று பாருங்கள். முழு ஆய்வு முறையில் மாற்றிக்கொள்ளப் பாடங்களே இல்லை. அங்கு நீங்கள் வருகை ஆய்வாளராகத்தான் போக முடியும். பாட முறைக்கும் கலப்பு முறைக்கும் குறைந்தது 40 கிரெடிட் தேவை. நம் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். ஐரோப்பியக் கணக்கில் ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேரம். அவர்களுடைய ஒரு பருவத்தின் 30 கிரெடிட் நம்முடைய 19 முதல் 22 கிரெடிட்டுக்குத்தான் சமம். இதைப் புறப்படுவதற்கு முன் எழுத்தில் உறுதி செய்துகொள்ளாததால், திரும்பி வந்து ஒரு பருவம் கூடுதலாகப் படித்த மாணவியை எனக்குத் தெரியும்.

எப்போது போவது என்றால், ஆய்வு முறையியல் பாடத்தை இங்கே முடித்த பிறகு, ஆய்வேட்டை எழுதத் தொடங்குவதற்கு முன். முதல் பருவத்திலேயே போகிறவர்களுக்கு என்ன கேட்பது என்று தெரியாது. கடைசியில் போகிறவர்களுக்குக் கேட்டதைப் பயன்படுத்த நேரம் இருக்காது.

செலவைப் பொறுத்தவரை, இரு பல்கலைக்கழகங்களுக்கு இடையே பரிமாற்ற ஒப்பந்தம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இருந்தால் கட்டணத்தை இங்கே மட்டும் செலுத்தினால் போதும். தனியாகச் சேர்ந்தால் நிலைமை வேறு. சுவீடன் 2011 முதலும் நார்வே 2023 முதலும் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் கட்டணம் வாங்குகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில், பங்காளிப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு 2 முதல் 12 மாதம் வரையிலான படிப்புக்கு உதவித்தொகை உண்டு. உங்கள் பல்கலைக்கழகம் அதில் இருக்கிறதா என்று அனைத்துலக அலுவலகத்தில் கேளுங்கள். முழுப் பட்டத்தையும் வெளியே படிக்க எண்ணினால் ரோட்டரியின் அமைதி நல்கை இருக்கிறது. உப்சாலா, பிராட்ஃபோர்டு, தோக்கியோவின் ஐசியு (அனைத்துலகக் கிறித்துவப் பல்கலைக்கழகம்) போன்ற இடங்களில் முழுச் செலவையும் ஏற்கிறார்கள், ஆனால் மூன்றாண்டுத் தொடர்புடைய பணி அனுபவம் வேண்டும். இப்போதுதான் பட்டம் பெற்ற உங்களுக்கு அது சில ஆண்டுகள் கழித்துக் கனியக்கூடிய வாய்ப்பு.

விசா என்று வரும்போது, நம் கடப்பிதழுக்கு ஷெங்கன் நாடுகளில் 90 நாள் விசா இல்லாமல் இருக்கலாம் என்ற எண்ணத்தில் யாரும் ஏமாற வேண்டாம். ஒரு பருவம் 90 நாளைத் தாண்டும். வதிவிட அனுமதி வேண்டும், அதற்கு வங்கிக் கணக்கில் பணம் காட்ட வேண்டும். குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை: டிசம்பரில் ஒஸ்லோவில் மாலை மூன்றேகால் மணியளவில் சூரியன் மறைந்துவிடும். அந்த இருட்டு மனத்தை அழுத்தும்; பேசுவதற்கு ஆட்களைத் தேடிக்கொள்ளுங்கள்.

நேர்காணல் செய்வதாக இருந்தால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். யுஎஸ்எம் மாணவர்களுக்கு அது ஜெபெம் குழு. கேள்விப் பட்டியல், ஒப்புதல் படிவம், பதிவுகளை எங்கே எவ்வளவு காலம் வைப்பீர்கள் என்ற விளக்கம் எல்லாவற்றையும் கேட்பார்கள். திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவதும் உண்டு. புறப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். தாய்லாந்தில் களஆய்வு செய்யும் வெளிநாட்டவர் அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் அனுமதியையும் பெற வேண்டும். இந்தோனேசியாவில் ஆராய்ச்சிக்கான அனுமதியை பிரின் என்ற தேசிய ஆராய்ச்சி அமைப்பு தருகிறது. இவற்றை வெறும் தாள் வேலையாக நினைக்காதீர்கள். நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள், உங்களிடம் பேசியவர் அங்கேயேதான் இருப்பார். அவர் பெயரும் கடையின் பெயரும் உங்கள் குறிப்பேட்டில்கூட இருக்கக் கூடாது.

வேலையைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ‘அமைதி ஆய்வாளர் தேவை’ என்று விளம்பரம் வருவது அரிது. ஆனால் இந்தப் படிப்பில் பழகும் திறன்களுக்கு இடம் இருக்கிறது: தேசிய ஒருமைப்பாட்டுத் துறை பயிற்சி தரும் சமூக நடுவர்கள், சுஹாகாம் என்ற மனித உரிமை ஆணையம், மியன்மாரிலிருந்து வந்த அகதிகளுக்காகக் கோலாலம்பூரில் பணியாற்றும் ஐ.நா. அகதிகள் அலுவலகமும் அதையொட்டிய தொண்டு அமைப்புகளும், ஜகார்த்தாவில் உள்ள ஆசியானின் அமைதி, நல்லிணக்க நிறுவனம் எனப் பல. 2012இல் சமரசப் பேச்சு தொடர்பான சட்டம் வந்த பிறகு, நீதிமன்றத்துக்கு வெளியே பிணக்குகளைத் தீர்ப்பதற்கும் ஒரு தொழில்முறை உருவாகியிருக்கிறது. என் மாணவர்களில் விரைவாக வேலை கிடைத்தவர்கள், பட்டத்தோடு இன்னொரு கைத்திறனும் வைத்திருந்தவர்களே. ஒருவருக்குத் தாய்லாந்து மொழி தெரிந்திருந்தது, இன்னொருவருக்குத் தரவுப் பகுப்பாய்வு வந்தது. உங்களுக்குத் தமிழும் மலாயும் ஆங்கிலமும் இருக்கின்றன. நான்காவதாக ஒன்றை இப்போதே தொடங்குங்கள்.

கடைசியாக, உங்கள் அம்மா. அவருடைய அச்சம் நியாயமானது. ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லி அதைத் தள்ளிவிடாதீர்கள். ஹாட்யாய் வளாகத்தில் படிப்பது வேறு, பட்டானி, யாலா, நாராதிவாட் மாகாணங்களுக்குள் போவது வேறு என்பதை வரைபடத்தை விரித்து அவருக்குக் காட்டுங்கள். முதல் ஒரு மாதம் வளாகத்தைவிட்டு வெளியே நேர்காணல் இல்லை என்று நீங்களே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதி பல வேளைகளில் மோதல் பகுதிகளை விலக்கிவிடும். பாலிசியின் விலக்குப் பட்டியலை வரி வரியாக அவர் முன்னாலேயே வாசியுங்கள். உள்ளூர்ப் பேராசிரியர் ஒருவர் உடன் வராமல் புறப்படாதீர்கள். எந்த நாள் எந்த ஊரில் இருப்பீர்கள் என்ற பட்டியலின் ஒரு படி உங்கள் மேற்பார்வையாளரிடமும் ஒரு படி அம்மாவிடமும் இருக்கட்டும். நான் பட்டானியில் இருந்த நாட்களில், நம் நேரத்தில் இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு அழைப்பேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். தாய்லாந்து நேரம் ஒரு மணி பின்னால் என்பதால் அங்கே ஏழு மணிக்கே வேலையை நிறுத்திவிடுவேன். யார் எவ்வளவு முக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தாலும், “எங்கள் அம்மா காத்திருப்பார்” என்று எழுந்துவிடுவேன். அதைக் கேட்டு யாரும் முகம் சுளித்ததில்லை. அந்தத் தேநீர்க் கடைப் பெரியவர் ஒரு நாள் தாமே கடிகாரத்தைக் காட்டி, ஏழாகப் போகிறது, எழுந்திரு என்றார்.